மருந்து கொடுக்கும் கை



திருக்குறளில் மருந்து என்று தனியாக ஓர் அதிகாரம் உண்டு. அது 95ஆவது அதிகாரம். அதன் கடைசிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை 4 பகுதிகளாகப் பிரித்துச் சொல்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து என்னும் மூன்றும் யாருக்கும் எளிதில் நினைவுக்கு வந்துவிடும். நான்காவதாக அவர் சொல்வது, நோயாளியின் பக்கத்தில் இருந்து மருந்தைக் கொடுப்பவர். இன்றைய பேச்சில் அவருக்குப் பெயர் தாதி. நம் மக்கள் வாயில் அவர் 'மிஸி'.

மருத்துவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருக்கட்டும், மருந்து எவ்வளவு விலை உயர்ந்ததாக இருக்கட்டும், கடைசியில் அது நோயாளியின் உடலுக்குள் போவது ஒரு மனிதரின் கை வழியாகத்தான். மருத்துவர் எழுதியதில் பிழை இருந்தால் மருந்தாளுநர் பிடிக்கலாம். மருந்தாளுநர் விட்டதைத் தாதி பிடிக்கலாம். தாதியின் கையில் பிழை நேர்ந்தால் அதைப் பிடிக்க அவருக்குப் பின்னால் யாரும் இல்லை. அடுத்து இருப்பது நோயாளியின் ரத்தக்குழாய்தான். அதனால்தான் மருந்தளவுக் கணக்கு தாதியர் படிப்பில் உயிர்ப்பாடமாக வைக்கப்பட்டிருக்கிறது.

அந்தக் காலத்துத் தோட்டமும் இந்தக் காலத்துக் கிளினிக்கும்

ஜொகூரில் குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகும் சாலையில் இருக்கிறது காஹாங். செம்பனைத் தோட்டங்களும் பெல்டா நிலத் திட்டங்களும் சூழ்ந்த சிறிய ஊர். எண்டாவ் ரொம்பின் காட்டைப் பார்க்கப் போகிறவர்கள் காஹாங் வழியாகத்தான் கம்போங் பேத்தாவுக்குப் போவார்கள். மற்றபடி அந்த ஊரின் பெயர் பத்திரிகையில் அடிக்கடி அடிபடுவதில்லை. இருந்தாலும் மருந்தைப் பற்றிப் பேசும்போது காஹாங் போன்ற ஊர்களைத்தான் முதலில் நினைக்க வேண்டும். ஏனென்றால் அங்கே தவறு நடந்தால் அதைச் சரிசெய்யப் பெரிய மருத்துவமனை பக்கத்துத் தெருவில் இல்லை. குளுவாங்கில் உள்ள எஞ்சே பெசார் ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனைக்குத்தான் ஓட வேண்டும். தோட்டத்துச் செம்மண் சாலையைத் தாண்டி, பெரிய சாலையைப் பிடித்து, அதன் பிறகு குளுவாங். மருந்து தவறாகப் போன உடலுக்கு அந்த நேரம் மிக நீளம்.

நம் பாட்டன் பாட்டி காலத்தில் தோட்டத்து மருத்துவம் என்றால் டிரசர்தான். பெரட்டுக் களத்தில் கொய்னா கொடுத்தது, காய்ச்சலுக்குப் பெரிய புட்டியிலிருந்து மிக்சர் ஊற்றிக் கொடுத்தது, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டியது எல்லாம் அவர் கைதான். பின்னாளில் அந்தப் பணிக்கும் ஒழுங்கு வந்தது. தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யும் சட்டம் 1965இல் இயற்றப்பட்டது. தாதியருக்கான சட்டம் அதற்கும் முந்தியது. அது 1950ஆம் ஆண்டுச் சட்டம். மருந்தைக் கையில் எடுப்பவர் பயிற்சி பெற்றவராகவும் பதிவு பெற்றவராகவும் இருக்க வேண்டும் என்பதை நாடு அப்போதே உணர்ந்திருந்தது.

அன்றைக்கு மருந்தலமாரியில் இருந்த மருந்து வகைகள் குறைவு. இன்றைக்கு ஒரு சாதாரணச் சுகாதாரக் கிளினிக்கில்கூட இனிப்பு நீருக்கு, ரத்த அழுத்தத்திற்கு, கொழுப்புக்கு, ஆஸ்துமாவுக்கு என்று பல வகை மருந்துகள் இருக்கின்றன. ஒரே மருந்து 3 வித அளவில் வருகிறது. ஒரே மாதிரிப் பெயரில் இரண்டு மருந்து வருகிறது. ஒரே நிறப் பெட்டியில் வேறு வேறு மருந்து வருகிறது. மருந்து பெருகியபோது தவறுக்கான வாசலும் பெருகிவிட்டது.

சாமோவாவில் நடந்தது

ஒரு சின்னத் தவறு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அண்மைக் கால வரலாற்றில் ஒரு பாடம் இருக்கிறது. பசிபிக் பெருங்கடலில் சாமோவா என்று ஒரு தீவு நாடு. அங்கே மக்கள் தொகை ஏறக்குறைய 2 லட்சம்தான். 2018 ஜூலை மாதம் சவாயி தீவிலுள்ள ஒரு சிறிய மருத்துவமனைக்கு, அம்மைத் தடுப்பூசி போடுவதற்காகக் குழந்தைகளைக் கொண்டு வந்தார்கள். அந்தத் தடுப்பூசி மருந்து தூளாக வரும். அதனுடன் வரும் நீரை ஊற்றிக் கரைத்துத்தான் போட வேண்டும். அன்றைக்கு அந்த நீருக்குப் பதிலாக வேறொரு புட்டி கைக்கு வந்துவிட்டது. அது காலாவதியாகிப்போன ஒரு மயக்க மருந்து. அறுவை சிகிச்சையின்போது தசைகளை அசையாமல் செய்வதற்காகப் பயன்படுவது. மூச்சு விடுவதற்கும் தசைதானே வேண்டும்? ஊசி போட்ட சில நிமிடங்களில் ஒரு குழந்தை இறந்தது. அதே நாளில் இரண்டாவது குழந்தையும் இறந்தது.

இரண்டு தாதியரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். 2019இல் அவர்களுக்கு 5 ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கதை அத்துடன் முடிந்திருந்தால்கூடப் பெரிய சோகம்தான். ஆனால் முடியவில்லை. அந்த மரணங்களுக்குப் பிறகு அரசாங்கம் அந்தத் தடுப்பூசித் திட்டத்தைப் பல மாதங்கள் நிறுத்தி வைத்தது. தாய்மார்கள் ஊசி என்றாலே பயந்தார்கள். தடுப்பூசியே கெட்டது என்று வதந்தி பரப்புகிறவர்களுக்கு அது நல்ல வாய்ப்பாகிவிட்டது. ஊசி போட்ட குழந்தைகளின் எண்ணிக்கை பாதிக்கும் கீழே சரிந்தது. 2019ஆம் ஆண்டின் கடைசியில் தட்டம்மை அந்தத் தீவுக்குள் நுழைந்தது. 83 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் 5 வயது நிரம்பாத பிள்ளைகள்.

ஊசி மருந்து எந்தக் குற்றமும் செய்யவில்லை. புட்டியின் மேல் ஒட்டியிருந்த பெயரை ஒருவரும் படிக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. மருந்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு முறை, கலக்கும்போது ஒரு முறை, கொடுப்பதற்கு முன்னால் ஒரு முறை என்று 3 முறை பெயரைப் படிக்கச் சொல்லித் தாதியர் பள்ளிகளில் கற்றுக் கொடுக்கிறார்கள். புதிதாகப் படிக்க வருகிற பெண்பிள்ளைகளுக்கு இது சலிப்பாக இருக்கும். "ஒரு தடவ பாத்தாப் போதாதா?" என்று கேட்பார்கள். போதாது. கண் பார்ப்பது வேறு, மனம் படிப்பது வேறு. எதிர்பார்ப்பதையே கண் பார்க்கும். மூன்றாவது முறை படிக்கும்போதுதான் சில நேரம் உண்மையான பெயர் கண்ணில் விழும். மயக்க மருந்தும் தடுப்பூசி நீரும் ஒரே தட்டில், ஒரே குளிர்பெட்டியில் இருக்கக் கூடாது என்பதும் அதே பாடத்தின் இன்னொரு பாதி.

ஐந்து சரிகள்

மருந்து கொடுப்பதற்கு முன் தாதி தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் 5. சரியான நோயாளியா? சரியான மருந்தா? சரியான அளவா? சரியான வழியா? சரியான நேரமா? கொடுத்த உடனே எழுதி வைப்பதை ஆறாவதாகச் சேர்ப்பார்கள். ஒவ்வாமை உண்டா என்று கேட்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

சரியான நோயாளி என்பது கேட்பதற்குச் சுலபம். ஆனால் ஒரே வார்டில் இரண்டு லெட்சுமி படுத்திருந்தால்? ஒருவர் லெட்சுமி, மற்றவர் லட்சுமி என்று அட்டையில் எழுதியிருந்தால்? "நீங்கதான லெட்சுமி?" என்று கேட்டால் காது மந்தமான பாட்டி எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டுவார். அதனால் "உங்க பேரு என்னா பாட்டி?" என்று கேட்டு, அவர் வாயாலேயே பெயரைச் சொல்ல வைக்க வேண்டும். பிறகு கையில் கட்டியிருக்கும் பட்டையில் உள்ள பெயரையும் அடையாளக் கார்டு எண்ணையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். படுக்கை எண்ணை நம்பக் கூடாது. நோயாளி கழிவறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து வேறு படுக்கையில் உட்கார்ந்துவிடுவதும் உண்டு.

சரியான வழி என்பது அதைவிடப் பெரிய விஷயம். வாயில் கொடுக்க வேண்டிய மருந்தை ரத்தக்குழாயில் செலுத்தினால் உயிர் போகலாம். அடர்ந்த பொட்டாசியம் குளோரைடு மருந்து பார்வைக்குத் தண்ணீர் போலத்தான் இருக்கும். டிரிப் தண்ணீரில் நன்றாகக் கலந்து மெதுவாக ஏற்றினால் அது நோயாளியைக் காப்பாற்றும். கலக்காமல் நேராக நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுபோகும். அதனால்தான் இத்தகைய மருந்துகளை நம் நாட்டில் அதிக எச்சரிக்கை மருந்துகள் என்று தனியாகப் பிரித்திருக்கிறார்கள். அவற்றைக் கையாளும் முறை பற்றிச் சுகாதார அமைச்சு 2011இல் வழிகாட்டி வெளியிட்டது. இன்சுலின், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின், வலிக்குக் கொடுக்கும் மார்பின் எல்லாம் இந்த வகையில் அடங்கும். இவற்றைக் கொடுக்கும்போது இரண்டு பேர் சரிபார்க்க வேண்டும். முதலில் பார்த்தவர் விடையைச் சொல்லிவிட்டு "சரிதான அக்கா?" என்று கேட்டால் அது சரிபார்ப்பு ஆகாது. இரண்டாமவர் தானாகவே தனியாகக் கணக்குப் போட்டு, பிறகு இருவர் விடையையும் ஒப்பிட வேண்டும்.

ஒரு தேக்கரண்டிக் கணக்கு

இனிக் கணக்குக்கு வருவோம். தாதியர் போடும் மருந்துக் கணக்கில் அடிப்படை ஒன்றுதான். கொடுக்க வேண்டிய அளவைக் கையில் இருக்கும் மருந்தின் அளவால் வகுக்க வேண்டும். வந்த விடையை, அந்த மருந்து எத்தனை மில்லிலிட்டரில் கரைந்திருக்கிறதோ அதனால் பெருக்க வேண்டும். நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும் கணக்கு. ஆனால் உயிர் தொங்கும் கணக்கு.

காஹாங் தோட்டத்தில் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 12 கிலோ எடையுள்ள பிள்ளைக்குக் காய்ச்சல். கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் பாராசிட்டமால் என்றால், 12 பெருக்கல் 15, அதாவது 180 மில்லிகிராம் வேண்டும். கிளினிக்கில் கொடுத்த சிரப்பில் 5 மில்லிலிட்டருக்கு 120 மில்லிகிராம் இருக்கிறது. 180ஐ 120ஆல் வகுத்து 5ஆல் பெருக்கினால் 7.5 மில்லிலிட்டர் வரும். அம்மா அதை மனதில் வைத்துக்கொள்கிறார். அடுத்த முறை காய்ச்சல் வந்தபோது அப்பா பட்டணத்துக் கடையில் சிரப் வாங்கி வருகிறார். அதுவும் பாராசிட்டமால்தான். ஆனால் அதில் 5 மில்லிலிட்டருக்கு 250 மில்லிகிராம் இருக்கிறது. அந்த மருந்தில் 3.6 மில்லிலிட்டர் கொடுத்தாலே போதும். அம்மா பழைய ஞாபகத்தில் 7.5 மில்லிலிட்டர் கொடுத்தால் பிள்ளையின் உடலுக்குள் போவது 375 மில்லிகிராம். இரண்டு மடங்குக்கும் மேல்.

இதைவிட ஆபத்தானது கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்து. அதில் ஒரே மில்லிலிட்டரில் 100 மில்லிகிராம் இருக்கும். அதை 7.5 மில்லிலிட்டர் ஊற்றினால் 750 மில்லிகிராம். தேவைக்கு 4 மடங்குக்கும் அதிகம். ஒரு நாளைக்கு 4 வேளை, இரண்டு மூன்று நாள் அப்படிக் கொடுத்தால் பிள்ளையின் கல்லீரல் கெட்டுப்போகலாம். காய்ச்சல் மருந்துதானே என்று நாம் அலட்சியமாக நினைக்கும் மருந்தே இப்படி என்றால், மற்ற மருந்துகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் முன்னோர் சொன்னது சாப்பாட்டை மட்டும் நினைத்துச் சொன்னதல்ல.

டிரிப் ஏற்றுவதற்கும் கணக்கு உண்டு. 500 மில்லிலிட்டர் டிரிப்பை 4 மணி நேரத்தில் ஏற்றச் சொல்லியிருக்கிறார் மருத்துவர். ஒரு மில்லிலிட்டருக்கு 20 சொட்டு விழும் குழாய். 500 பெருக்கல் 20 என்றால் 10,000 சொட்டு. 4 மணி நேரம் என்றால் 240 நிமிடம். வகுத்தால் நிமிடத்திற்கு ஏறக்குறைய 42 சொட்டு. தாதி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே டிரிப்பை அண்ணாந்து பார்ப்பது இதை எண்ணுவதற்குத்தான். "சீக்கிரம் முடிஞ்சா சீக்கிரம் வீட்டுக்குப் போலாம்" என்று உறவினர் யாராவது அந்தச் சக்கரத்தைத் திருகிவிட்டால், இதயம் பலவீனமான வயதானவரின் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். மூச்சுத் திணறும்.

ஒரு புள்ளி, ஒரு பூஜ்யம்

மருந்துக் கணக்கில் பெரும்பாலும் பிழை வருவது பெருக்கலிலோ வகுத்தலிலோ அல்ல. ஒரு புள்ளி தவறிய இடத்தில் வரும். 5 மில்லிகிராம் என்பதை 5.0 என்று எழுதினால், புள்ளி மங்கிப்போன தாளில் அது 50 ஆகத் தெரியும். அரை மில்லிகிராமை 0.5 என்று எழுதாமல் வெறும் புள்ளியும் 5உம் எழுதினால், புள்ளி மறைந்து 5 ஆகும். இரண்டிலும் தவறு 10 மடங்கு. ஆகவே முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் போடக் கூடாது. புள்ளிக்கு முன்னால் பூஜ்யம் போடாமல் இருக்கக் கூடாது.

இன்சுலினிலும் இதே ஆபத்து உண்டு. யூனிட் என்ற சொல்லைச் சுருக்கி ஆங்கில எழுத்து 'யு' ஒன்றை மட்டும் 10க்குப் பக்கத்தில் எழுதினால், அவசரத்தில் அந்த எழுத்து பூஜ்யமாகத் தெரியும். 10 யூனிட் 100 யூனிட் ஆகிவிடும். நம் நாட்டில் பழக்கத்தில் உள்ள இன்சுலின் புட்டியில் ஒரு மில்லிலிட்டருக்கு 100 யூனிட். 10 யூனிட் என்பது பத்தில் ஒரு பங்கு மில்லிலிட்டர்தான். இன்சுலினுக்கென்று யூனிட் கோடு போட்ட சிரிஞ்சு இருக்கும்போது சாதாரண சிரிஞ்சில் எடுப்பது நெருப்போடு விளையாடுவதற்குச் சமம்.

நல்ல தாதிகளிடம் ஒரு பழக்கம் உண்டு. கால்குலேட்டரைத் தொடுவதற்கு முன் மனக்கணக்காக ஒரு விடையை நினைத்துக்கொள்வார்கள். கணக்குப் போட்டு வந்த விடை ஒரே வேளைக்கு 6 மாத்திரை, அல்லது 5 புட்டி என்று சொன்னால் கை தானாக நின்றுவிடும். "இவ்வளவு எப்போதாவது கொடுத்திருக்கிறோமா?" என்ற ஒரு கேள்வி பல உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது.

அந்தக் கேள்வி கேட்கப்படாமல் போன ஓர் இடத்தையும் சொல்ல வேண்டும். 1994இல் அமெரிக்காவின் போஸ்டன் நகரில், புகழ்பெற்ற புற்றுநோய் மருத்துவமனை ஒன்றில் பெட்சி லேமன் என்ற பத்திரிகையாளர் சிகிச்சை பெற்றார். அவர் போஸ்டன் குளோப் நாளிதழில் உடல்நலப் பகுதி எழுதி வந்தவர். 4 நாளில் பிரித்துக் கொடுக்க வேண்டிய மொத்த மருந்தையும் ஒரு நாளுக்கு உரியது என்று எடுத்துக்கொண்டு, 4 நாளும் முழு அளவைக் கொடுத்துவிட்டார்கள். அவர் அந்த ஆண்டு டிசம்பரில் இறந்தார். தவறு நடந்ததே அடுத்த ஆண்டுதான், ஆய்வுக் குறிப்புகளைச் சரிபார்த்தபோது தெரிய வந்தது. மருத்துவர், மருந்தாளுநர், தாதி என்று எத்தனையோ படித்த கண்கள் அந்த எண்ணைக் கடந்து போயின. எழுதியவர் பெரியவர், அவர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்ற நினைப்பு எல்லார் வாயையும் கட்டிப்போட்டது. மருத்துவரிடம் மறுபடியும் கேட்பது மரியாதைக் குறைவல்ல. கேட்காமல் இருப்பதே கடமைக் குறைவு.

மிஸி, ஒரு நிமிஷம்!

நேயர்களே, இதுவரை சொன்னது தாதியரின் பொறுப்பு. நமக்கும் இதில் பங்கு இருக்கிறது.

ஆஸ்திரேலியாவின் சிட்னியில் இரண்டு மருத்துவமனைகளில் 98 தாதியரைக் கவனித்து ஓர் ஆய்வு செய்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில், 4,000க்கும் அதிகமான முறை மருந்து கொடுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார்கள். மருந்து கொடுக்கும்போது தாதியை ஒவ்வொரு முறை யாராவது இடைமறித்துப் பேசும்போதும், தவறு நேரும் வாய்ப்பு ஏறக்குறைய 12 விழுக்காடு கூடியது. இரண்டு முறை, மூன்று முறை கூப்பிட்டால் இன்னும் கூடும்.

நம் வார்டுகளை நினைத்துப் பாருங்கள். மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு தாதி வருகிறார். ஒரு பக்கம், "மிஸி, எங்கம்மாவுக்கு டிரிப் முடிஞ்சு போச்சு." மறுபக்கம், "மிஸி, டாக்டர் எப்ப வருவாரு?" இன்னொருவர், "மிஸி, ஒரு நிமிஷம், இந்த ஃபாரத்துல எங்க கையெழுத்துப் போடறது?" எல்லாம் நியாயமான கேள்விகள்தான். ஆனால் அந்த நேரத்தில் அவர் மனதுக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. அது நம் அம்மாவுக்கான கணக்காகவே இருக்கலாம். அவசர ஆபத்து என்றால் கண்டிப்பாகக் கூப்பிட வேண்டும். மற்றதை மருந்து வண்டி போன பிறகு கேட்கலாம்.

வீட்டுக்குள் இருக்கும் வார்டு

இன்று ஜொகூர் தோட்டங்களிலும் தாமான்களிலும் இருக்கும் பல வீடுகள் சின்ன வார்டுகள்தான். பாட்டிக்கு இனிப்பு நீர், தாத்தாவுக்கு ரத்த அழுத்தம், பேரனுக்கு ஆஸ்துமா. விடிவதற்கு முன் வேலைக்குப் போகும் மகளோ மருமகளோதான் அங்கே தாதி. பயிற்சியும் கிடையாது, சீருடையும் கிடையாது, பொறுப்பு மட்டும் அதேதான். அவர்கள் கவனிக்க வேண்டியவை சில உண்டு.

சிரப்பைச் சமையலறைக் கரண்டியில் அளக்கக் கூடாது. ஒவ்வொரு வீட்டுக் கரண்டியும் ஓர் அளவு. மருந்தோடு கொடுக்கும் மூடியிலோ ஊசி இல்லாத சிரிஞ்சிலோதான் அளக்க வேண்டும்.

இன்சுலின் போட்டுவிட்டுப் பாட்டியைப் பட்டினி போடக் கூடாது. காலையில் பாட்டி சாப்பிட முடியவில்லை என்று சொன்னால், வழக்கமான அளவைப் போடுவதற்கு முன் கிளினிக்கைக் கேட்க வேண்டும். வியர்த்துக் கொட்டி, கை நடுங்கி, பேச்சுக் குழறினால் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். விழுங்க முடிகிற நிலையில் இருந்தால் உடனே இனிப்புத் தண்ணீர் கொடுத்துவிட்டு உதவியைத் தேட வேண்டும்.

விழுங்கச் சிரமம் என்று எல்லா மாத்திரையையும் நசுக்கக் கூடாது. நாள் முழுவதும் மெதுவாகக் கரைவதற்காகச் செய்யப்பட்ட மாத்திரைகள் இருக்கின்றன. அவற்றை நசுக்கினால் ஒரு நாளுக்கான மருந்து ஒரே நேரத்தில் உடலில் இறங்கிவிடும். மூட்டுவலிக்குக் கொடுக்கும் மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள் வாரத்திற்கு ஒரு முறைதான். அதைத் தினமும் சாப்பிட்டு உயிரை இழந்தவர்கள் உலகில் பல நாடுகளில் இருக்கிறார்கள். எந்தக் கிழமை என்பதைப் பொட்டலத்தின் மேல் பெரிதாக எழுதி வைக்க வேண்டும்.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை நமக்கும் கேட்கும் என்று வாங்கிப் போடக் கூடாது. நாட்டு மருந்து சாப்பிடுகிறவர்கள் அதைக் கிளினிக்கில் மறைக்கக் கூடாது. திட்டுவார்கள் என்று பயந்து மறைத்தால், இரண்டு மருந்தும் ஒன்றையொன்று எதிர்த்து நம் உடலில்தான் சண்டை போடும்.

சுகாதார அமைச்சு 2007இல் 'உங்கள் மருந்தை அறிந்துகொள்ளுங்கள்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். மருந்து முகப்பில் பொட்டலத்தை வாங்கியதும் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடாமல், இது என்ன மருந்து, எதற்கு, எவ்வளவு, எப்போது, எத்தனை நாள் என்று 5 கேள்வி கேட்க வேண்டும். மருந்தாளுநர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். பாஷை புரியவில்லை என்றால் வெட்கப்படாமல் இன்னொரு முறை கேட்கலாம். தமிழ் தெரிந்த மிஸி யாராவது இருந்தால் கூப்பிட்டு விளக்கச் சொல்லலாம்.

மறைத்தால் வளரும், சொன்னால் திருந்தும்

கடைசியாக ஒன்று. தவறு நடந்துவிட்டால் என்ன செய்வது?

2006இல் அமெரிக்காவின் இண்டியானாபொலிஸ் நகர மருத்துவமனை ஒன்றில், குறைமாதக் குழந்தைகளுக்கு 10 யூனிட் ஹெப்பாரின் புட்டிக்குப் பதிலாக 10,000 யூனிட் புட்டியை எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். 3 குழந்தைகள் இறந்தன. இரண்டு புட்டியின் ஒட்டுத்தாளும் நீல நிறம்தான். ஒன்று வெளிர் நீலம், ஒன்று அடர் நீலம். அடுத்த ஆண்டே, 2007 நவம்பரில், லாஸ் ஏஞ்சலஸ் நகரில் அதே தவறு மறுபடியும் நடந்தது. அந்த முறை பாதிக்கப்பட்டது நடிகர் டென்னிஸ் குவெய்டின் இரட்டைக் குழந்தைகள். நல்ல வேளையாக அவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். ஓர் ஊரில் நடந்த தவறிலிருந்து இன்னோர் ஊர் பாடம் படிக்காவிட்டால் அந்தத் தவறு நடந்துகொண்டே இருக்கும்.

இதற்காகத்தான் நம் நாட்டில் 2009 முதல் மருந்துத் தவறுகளைத் தெரிவிக்கும் முறை நடப்பில் இருக்கிறது. நடந்த தவறை மட்டுமல்ல, நடக்க இருந்து கடைசி நேரத்தில் தடுக்கப்பட்ட தவறையும் அதில் தெரிவிக்கலாம். அதன் நோக்கம் தவறு எந்த வழியாக வந்தது என்று கண்டுபிடித்து அந்த வழியை அடைப்பது. உலகச் சுகாதார நிறுவனமும் 2017 மார்ச்சில், தீங்கில்லாத மருந்து என்ற உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. மருந்துத் தவறுகளால் உலகத்திற்கு ஏற்படும் செலவு ஆண்டுக்கு 4,200 கோடி அமெரிக்க டாலர் என்று அது மதிப்பிட்டது. ஆனால் பெற்ற பிள்ளையை இழந்த தாயின் கணக்கு எந்த டாலரிலும் அடங்காது.

தவறைச் சொல்லும் தாதியைத் திட்டி அழவைக்கும் மேலதிகாரி, அடுத்த தவறை மறைக்கக் கற்றுக் கொடுக்கிறார். தவறைச் சொன்னவரை உட்கார வைத்து, என்ன நடந்தது என்று நிதானமாகக் கேட்பவர் அடுத்த நோயாளியைக் காப்பாற்றுகிறார். அதற்காகப் பொறுப்பே வேண்டாம் என்பதல்ல. குடிபோதையில் வேலைக்கு வருவதும், படிக்காமலே படித்ததாகக் கையெழுத்துப் போடுவதும் வேறு. களைத்துப்போன ஒரு மனிதக் கை ஒருமுறை தடுமாறுவது வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த இடத்தில்தான் உண்மை வெளியே வரும்.

நேயர்களே, தோட்டத்து லயங்களில் பிறந்து, படித்து, வெள்ளைச் சீருடை போட்டுக்கொண்ட பெண்பிள்ளைகள் நம் சமுதாயத்தில் ஏராளம். பிள்ளை தாதியர் கல்லூரிக்குப் போகிறாள் என்றால் வீட்டில் பெருமை. அந்தப் பெருமையோடு சேர்த்து அவளுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியது ஒன்று உண்டு. கணக்கில் சந்தேகம் வந்தால் கேள். வேலை எவ்வளவு அவசரமாக இருந்தாலும் பெயரை மூன்றாவது முறையும் படி. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வெட்கப்படாதே.

காஹாங்கிலோ கோலாலம்பூரிலோ, இரவு 2 மணிக்கு வார்டில் எல்லாரும் தூங்கும்போது, ஒரு தாதி விளக்கு வெளிச்சத்தில் புட்டியைத் தூக்கிப் பிடித்து இன்னொரு முறை படிக்கிறார். அவரைப் பார்த்துக் கைதட்ட அங்கே யாரும் இல்லை. ஆனால் விடிந்ததும் அந்தப் படுக்கையில் இருக்கும் பாட்டி கண் விழித்து, "கோப்பி வந்துடுச்சா மிஸி?" என்று கேட்கிறார். அந்தக் கேள்விதான் அவருக்குக் கிடைக்கும் பரிசு. அந்தப் பரிசு ஒவ்வொரு விடியலிலும் அவருக்குக் கிடைக்க, நாமும் நம் பங்கைச் செய்வோம்.